72 மணி நேரமும் 36 வளைவுகளும்: வனவிலங்குப் பயிர்ச்சேதக் காப்பீடு மசினகுடிக்கு எட்டுமா?

வனவிலங்குகளால் ஏற்படும் பயிர்ச்சேதத்தையும் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. 2026 காரீஃப் பருவம் முதல் இது நடைமுறைக்கு வரும் என்பது அறிவிப்பு. யானை, காட்டுப்பன்றி, மான், குரங்கு போன்ற விலங்குகளால் பயிரை இழந்தவர், 72 மணி நேரத்துக்குள் கைபேசிச் செயலியில், இடக்குறியீடு பதிந்த படங்களுடன் தகவல் தர வேண்டும். எந்த விலங்குகள், எந்த மாவட்டங்கள், எந்தக் காப்பீட்டு அலகுகள் என்பதை மாநில அரசு முந்தைய சேத விவரங்களைப் பார்த்து அறிவிக்கை செய்ய வேண்டும்.

காட்டோர விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த ஒன்று இது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஒரு திட்டம் அறிவிப்பிலிருந்து வயலுக்கு வந்து சேர்வதற்குள் என்னென்ன ஆகும் என்பதைப் பார்க்க மசினகுடியைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. சூழல் மாறும்போது அரசுத் துறைகள் தங்கள் வேலைமுறையை எப்படி மாற்றிக்கொள்கின்றன, எங்கே மாற்றிக்கொள்ளத் தவறுகின்றன என்ற இரண்டுக்கும் இந்த ஒரே ஊரில் உதாரணம் இருக்கிறது.

மசினகுடி நீலகிரி மலையின் வடக்குச் சரிவுக்குக் கீழே, சீகூர் பீடபூமியில் இருக்கிறது. மழை மறைவுப் பகுதி. உதகையில் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகிற ஈரம் இங்கே இல்லை. ராகி, அவரை, கொஞ்சம் காய்கறி, மாடு என்றுதான் இந்தப் பக்கத்துப் பிழைப்பு. வாழைத்தோட்டம், மாவனல்லா, பொக்காபுரம், மாயார், சிறியூர், ஆனைகட்டி (கோவை ஆனைகட்டி வேறு, இது வேறு) ஆகிய ஊர்களைச் சுற்றிலும் காடு. முதுமலை புலிகள் காப்பகத்தின் மொத்தப் பரப்பு 688 சதுர கிலோமீட்டர். அதில் 321 உள்வட்டம், மீதி வெளிவட்டம். இந்த ஊர்கள் வெளிவட்டப் பக்கம். வடக்கே பந்திப்பூர், கிழக்கே சத்தியமங்கலம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் வழியே இந்தப் பீடபூமிதான்.

இங்கிருந்து உதகைக்குப் போக வேண்டுமென்றால் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். கூடலூர் வழியாகச் சுற்றினால் தூரம் ஏறத்தாழ இரு மடங்கு. ஒரு மனு கொடுக்க ஒரு நாள் கூலி போகும் என்று ஊர்க்காரர்கள் சொல்வது மிகையில்லை.

கடந்த இருபது ஆண்டுகளில் இந்த ஊரின் மேல் வந்து இறங்கிய மாற்றங்கள் கொஞ்சமல்ல. 2007இல் முதுமலை புலிகள் காப்பகமானது. 2010 ஆகஸ்டில் சீகூர் யானை வழித்தடத்துக்கு அரசாணை வந்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்து, நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் குழு அமைத்தது. 2021 அக்டோபரில், நான்கு பேர் உயிரிழக்கக் காரணமாகக் கருதப்பட்ட டி-23 புலி பல நாள் தேடலுக்குப் பிறகு மசினகுடிப் பகுதியில் உயிருடன் பிடிபட்டது. 2022 மார்ச்சில் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்களில் மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையின் கோப்பில் இருக்கின்றன. விவசாயிக்கு எல்லாம் ஒரே வயல், ஒரே மாட்டுப்பட்டி.

கழுகுக்காக மாறிய மருந்துக்கடை

முதலில் நல்லபடியாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாயாறு பள்ளத்தாக்கும் சீகூரும் தென்னிந்தியாவில் பாறுக் கழுகுகள் இன்னும் கூடு கட்டும் மிகச் சில இடங்களில் முக்கியமானவை. மாட்டுக்கு வலி நிவாரணியாகப் போடும் டைக்குளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் உடல் வழியாகக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்கிறது என்பது 2004இல் நிரூபணமானது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது.

தடை போட்டதும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. மனிதர்களுக்கான பெரிய குப்பி மருந்தை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015இல் மனிதர்களுக்கான ஊசிமருந்துக் குப்பியின் அளவு 3 மில்லி என்று சுருக்கப்பட்டது. பிறகு வேறு மருந்துகளும் கழுகுகளைக் கொல்வது தெரிந்தது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக், 2024 டிசம்பரில் நிமசுலைடு ஆகியவை கால்நடைப் பயன்பாட்டில் தடை செய்யப்பட்டன. தமிழ்நாடு அரசு 2022இல் கழுகுப் பாதுகாப்புக்கு மாநிலக் குழு அமைத்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து ஒரே நாட்களில் கழுகுகளை எண்ணத் தொடங்கின. 2023 பிப்ரவரிக் கணக்கெடுப்பில் 246, அதே ஆண்டு டிசம்பரில் 320.

இரண்டு எண்களை வைத்துக் கழுகுகள் பெருகிவிட்டன என்று சொல்ல மாட்டேன். எண்ணுகிற இடங்களும் ஆட்களும் கூடினாலும் எண் கூடும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முதல் தடைக்கும் கடைசித் தடைக்கும் இடையே 18 ஆண்டுகள். மெதுவான வேலைதான். ஆனாலும் ஓட்டை எங்கே என்று பார்த்து, அதை அடைத்து, மறுபடி பார்த்து, மறுபடி அடைத்தார்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, கால்நடைப் பராமரிப்புத் துறை, வனத்துறை என மூன்றும் தத்தம் வேலையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டன. மாடு வளர்ப்பவர் எந்த அலுவலகத்துக்கும் நடக்க வேண்டியிருக்கவில்லை. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து கைவசம் இருந்தது. மாற்றம் நடந்த இடம் மருந்துக்கடையின் மேசை.

பட்டியில் நடந்தது

மேய்ச்சல் தடையில் இதற்கு நேர்மாறு. புலிகள் காப்பகத்துக்குள் மேய்ச்சலைக் கட்டுப்படுத்தியதில் நியாயம் உண்டு. காட்டு விலங்குக்கும் மாட்டுக்கும் ஒரே புல், ஒரே நோய். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மாட்டைக் காட்டில் மேய்த்து, சாணத்தை எருவாக விற்று வாழ்ந்த குடும்பங்களுக்கு மாற்று என்ன என்ற கேள்வியை எந்தத் துறையின் கோப்பும் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டிப்போட்டு வளர்ப்பதென்றால் தீவனம் வேண்டும். தீவனம் போட நிலமும் தண்ணீரும் வேண்டும். போட்ட தீவனச்சோளத்தை யானை தின்னாமல் காக்க வேலி வேண்டும். இதில் முதலாவது கால்நடைத் துறை, இரண்டாவது வேளாண் பொறியியல் துறையும் தோட்டக்கலைத் துறையும், மூன்றாவது வனத்துறை. மூன்றும் ஒரே மாதத்தில் ஒரே வீட்டுக்கு வந்தால்தான் அந்த மாடு பட்டியில் நிற்கும். இல்லையென்றால் சந்தைக்குப் போகும், அல்லது கருக்கலில் மறுபடி காட்டுக்குள் போகும்.

மாட்டைப் புலி அடித்தால் இழப்பீடு உண்டு. அது தாமதமானால் என்ன ஆகும் என்பது இந்த மாவட்டத்துக்குத் தெரியாததல்ல. 2023 செப்டம்பரில் அவலாஞ்சி, எமரால்டு பகுதியில் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. புலி அடித்த மாட்டின் உடலில் நஞ்சு வைக்கப்பட்டது விசாரணையில் தெரிந்தது. நஞ்சு வைப்பது குற்றம்; அதே உடலைத் தின்ன வரும் கழுகும் சாகும். 18 ஆண்டுகள் மருந்துக்கடையில் பாடுபட்டுக் காத்ததை ஒரு பிடி பூச்சிக்கொல்லி ஒரே நாளில் அழித்துவிடும். கழுகுக் கோப்பும் இழப்பீட்டுக் கோப்பும் வெவ்வேறு மேசைகளில் இருப்பதன் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

3 கிலோமீட்டருக்கு அப்பால்

காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஒரு முடிவெடுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். சமவெளி மாவட்டங்களுக்கு இது பொருத்தமான ஏற்பாடு. மரவள்ளி, நிலக்கடலை, மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு நிம்மதி.

மசினகுடியில் நின்று அதே விதியைப் படித்துப் பாருங்கள். காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி வயல் எங்கே இருக்கிறது? ஒரு பக்கத்துக் காட்டிலிருந்து தள்ளிப் போனால் அடுத்த பக்கத்துக் காட்டுக்குள் போய்விடுவோம். புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊரில் பன்றியைச் சுட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புலிக்கும் செந்நாய்க்கும் அது இரை. சுட முடியாத இடத்தில் அதற்குப் பதிலாக என்ன என்ற கேள்விக்கு அந்த விதியில் இடமில்லை என்பதைத்தான் சொல்கிறேன். மாநிலம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வைத்தால், அளவுகோலுக்குள் அடங்காத ஊருக்கு மிச்சம் ஒன்றும் கிடைக்காது.

வேலிக்கும் இப்போது விதி இருக்கிறது. 2023ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி, காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியசக்தி வேலி உள்ளிட்ட மின்வேலிகளை அமைக்க வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். ஏற்கெனவே போட்ட வேலிகளையும் பதிவு செய்ய வேண்டும். நேரடி மின்சாரம் பாய்ச்சி யானைகளும் மனிதர்களும் செத்த அனுபவத்திலிருந்து வந்த விதி. அவசியமானது. யானை வழித்தடத்துக்குள் இருக்கும் நிலத்தில் வேலிக்கு அனுமதி கேட்பது அதைவிடச் சிக்கலானது. அங்கே வேலியே வழியை மறிக்கும்.

ஆக, சுட முடியாது, பல இடங்களில் வேலி போட முடியாது, காட்டில் மேய்க்க முடியாது. ஒவ்வொரு தடைக்கும் தனித்தனியே காரணம் உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரே விவசாயியின் தலையில் விழும்போது, அவருக்கு மிஞ்சுவது இழப்பீடும் காப்பீடும் மட்டுமே. அதனால்தான் புதிய அறிவிப்பை இவ்வளவு கவனமாகப் பார்க்கிறேன்.

ஆலங்கட்டி மழை அல்ல, யானை

வனவிலங்குச் சேதம் இத்திட்டத்தில் உள்ளூர் இடர் என்ற பிரிவில் கூடுதல் காப்பாக வருகிறது. அந்தப் பிரிவில் ஏற்கெனவே இருப்பவை ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவை. இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. வறட்சிக்கான இழப்பீடு கிராமம் அல்லது பிர்க்கா அளவில் சராசரி மகசூலைப் பார்த்துத் தரப்படுகிறது. உள்ளூர் இடரில் உங்கள் வயலை மட்டும் தனியாகப் பார்ப்பார்கள். பக்கத்து வயலில் நன்றாக விளைந்திருந்தாலும் உங்களுக்குக் கிடைக்கும்.

வழிகாட்டு நெறிமுறையின்படி, தகவல் வந்த 48 மணி நேரத்துக்குள் சேத மதிப்பீட்டாளரை நியமிக்க வேண்டும். அடுத்த 10 நாட்களில் மதிப்பீடு, அதற்கடுத்த 15 நாட்களில் பணம். நெறிமுறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஆலங்கட்டி மழை ஒருமுறை பெய்து ஓய்ந்துவிடும். அன்று மாலையே சேதம் என்ன என்று தெரியும். யானை அப்படி வருவதில்லை. ராகி பால் பிடிக்கும்போது ஒரு இரவு வரும், ஓரத்தில் கால் ஏக்கரை மிதித்துவிட்டுப் போகும். நான்கு நாள் கழித்து மறுபடி வரும். அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கூட்டமாக வரும். முதல் இரவின் சேதத்துக்குத் தகவல் தந்தால், "இது மட்டும்தானே" என்று சிறு தொகை போடுவார்கள். கடைசி இரவுக்கு மட்டும் தகவல் தந்தால், "முன்பே சேதமான பயிர்" என்று கழிப்பார்கள். பன்றி இன்னும் மோசம். ஒவ்வொரு இரவும் நான்கு வரிசை கிண்டும். எந்த இரவிலிருந்து 72 மணி நேரத்தைக் கணக்கிடுவது?

தீர்வு கடினமானதல்ல. முதல் சேதத்துக்குத் தகவல் தந்ததும் அந்த வயலுக்கு ஒரு பதிவெண் தர வேண்டும். அதே பருவத்தில் அடுத்தடுத்து நடக்கும் சேதங்களை அதே எண்ணில் சேர்த்துக்கொண்டே வந்து, அறுவடையில் ஒரே மதிப்பீடாக முடிக்க வேண்டும். மாநில அரசு வெளியிடப்போகும் அறிவிக்கையில் இந்த ஒரு வரி இருந்தால் காட்டோர விவசாயிக்குப் பாதிச் சிக்கல் தீரும்.

அடுத்தது டவர். சிறியூர், ஆனைகட்டி பக்கம் கைபேசியில் பேசவே மேட்டுக்குப் போய் நிற்க வேண்டும். படத்தை வயலில் எடுத்துவிட்டு, டவர் கிடைக்கும் இடத்தில் அனுப்பினாலும், எடுத்த இடத்தின் குறியீடே பதிவாக வேண்டும். செயலி இதை ஏற்கும்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கோ ஊராட்சி அலுவலகத்துக்கோ பதிவு செய்யும் அதிகாரத்தைத் தர வேண்டும். யானை எந்த வயலில் இறங்கியது என்று முதலில் தெரிவது இவர்களுக்குத்தான்.

விண்ணப்பம் வராத ஊர்

எனக்கு அதிகக் கவலை தருவது, "முந்தைய சேத விவரங்களின் அடிப்படையில்" என்ற சொற்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சீகூர்ப் பக்கம் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். கோ 15 ராகியின் மகசூல், விதை நேர்த்தி, வரிசை நடவு என்று ஒன்றரை மணி நேரம் பேசினேன். முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "விதையெல்லாம் நல்ல விதைதான் சார். விளையறத யார் சாப்பிடப் போறாங்க, அத முதல்ல சொல்லுங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருடைய மூன்று ஏக்கரில் இரண்டு ஏக்கரை நான்கு ஆண்டுகளாகத் தரிசாகவே விட்டிருந்தார். இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். முதலில் ஒருமுறை கொடுத்தாராம். அலைந்த செலவு, வந்த தொகையைவிட அதிகம். அதன்பிறகு கொடுக்கவில்லை. பயிரே போடாதபோது எதற்கு விண்ணப்பம்?

அரசின் பதிவேட்டில் அவருடைய வயல் எப்படித் தெரியும்? நான்கு ஆண்டுகளாகச் சேதமே இல்லாத வயல். இப்படிப் பத்துப் பேர் விதைப்பதை நிறுத்தினால் அந்த ஊரில் யானைத் தொல்லை குறைந்துவிட்டதாகக் கணினி சொல்லும். அந்தக் கணக்கை வைத்துக் காப்பீட்டு அலகுகளைத் தேர்ந்தெடுத்தால், அதிகம் அடிபட்ட ஊர்களே விடுபட்டுப் போகும்.

மாற்றத்துக்கு ஏற்ப ஒரு நிர்வாகம் மாற வேண்டுமென்றால் முதலில் அதற்கு மாற்றம் தெரிய வேண்டும். கழுகு விஷயத்தில் அது தெரிந்தது. யாரும் விண்ணப்பம் கொடுக்கக் காத்திராமல், அரசே மூன்று மாநிலங்களில் ஆள் வைத்து எண்ணியது. பயிர்ச்சேதத்தில் விண்ணப்பம் கொடுத்தவரின் சேதம் மட்டுமே பதிவாகிறது. கழுகுக்குச் செய்ததை ராகிக்கும் செய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஆண்டுக்கு இரண்டு முறை, பயிர் பால் பிடிக்கும் பருவத்தில், வனத்துறையும் தோட்டக்கலைத் துறையும் வருவாய்த் துறையும் ஒரே வாரத்தில் காட்டோர ஊர்களில் வயல் வயலாகப் போய்ப் பார்க்கட்டும். விதைத்தது எவ்வளவு, சேதமானது எவ்வளவு, விலங்குக்குப் பயந்து தரிசாக விட்டது எவ்வளவு என்று எழுதட்டும். மூன்றாவது எண்தான் இதுவரை எங்கும் இல்லாதது.

இதற்கான கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. புல எண் வாரியாக என்ன பயிர் என்று பதியும் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் தொடங்கிவிட்டது. 2024 நவம்பரில் அதற்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயலுக்கு அனுப்பியபோது எழுந்த சர்ச்சை நினைவிருக்கும். யார் செய்ய வேண்டிய வேலை என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கணக்கு என்று ஒன்று வந்துவிட்டால், எந்தப் புல எண் எத்தனை பருவமாகத் தரிசு என்பது அதில் தெரியும். அதன் மேல் வனத்துறையின் யானை நடமாட்டப் பதிவை வைத்துப் பார்த்தால் போதும்.

எங்கள் பக்கமும் குறை உண்டு. 1980களில் உலக வங்கி உதவியுடன் வந்த பயிற்சி மற்றும் தொடர்பு முறையில், குறித்த நாளில் அலுவலர் வயலுக்கு வருவார். பல்கலைக்கழகம் தந்த தொழில்நுட்பத்தைச் சொல்வார். நெல் பாசனப் பகுதியில் அது நன்றாகவே வேலை செய்தது. மேலிருந்து கீழே சொல்வதற்காகக் கட்டிய அமைப்பு அது. கீழிருந்து மேலே ஒரு செய்தி போக அதில் வழி குறைவு. அந்தப் பழக்கம் எங்களிடம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அன்று ஒன்றரை மணி நேரம் நான் பேசியதும் அந்தப் பழக்கத்தில்தான்.

பக்கத்தில் என்ன செய்தார்கள்

கேரள அரசு 2024 மார்ச்சில் மனித-வனவிலங்கு மோதலை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இதனால் வனத்துறையின் தனிப் பிரச்சினையாக இருந்தது பேரிடர் மேலாண்மைக்குள் வந்தது; மாவட்ட ஆட்சியர் எல்லாத் துறைகளையும் ஒரே மேசைக்கு அழைக்க அதிகாரம் கிடைக்கிறது. அறிவிப்பால் மட்டும் வயநாட்டில் மோதல் குறைந்துவிடவில்லை. ஆனாலும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஒரு முகவரி கிடைத்தது.

வால்பாறையில் யானை இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் முன்கூட்டியே மக்களுக்குச் சொல்லும் முறையை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்கள் தொடங்கினார்கள். பின்னர் வனத்துறையும் அதில் இணைந்தது. வேலை முடிந்து இருட்டில் நடந்துவருபவர்களின் உயிரை அது காத்தது. அங்கே தேயிலை, அதை யானை தின்பதில்லை. பயிரைக் காக்க அந்த முறை மட்டும் போதாது.

இலங்கையின் அனுபவம் இன்னும் நேரடியானது. அங்கே பல மின்வேலிகள் வனவிலங்குத் துறையின் நிலமும் வனத்துறையின் நிலமும் சந்திக்கும் எல்லையில் போடப்பட்டன. வேலிக்கு இரண்டு பக்கமும் காடு, இரண்டு பக்கமும் யானை. துறைகளுக்கு இடையிலான கோட்டில் வேலி நின்றது. யானைக்கு அந்தக் கோடு தெரியாது. பின்னர் ஆய்வாளர்களின் யோசனைப்படி, வயலைச் சுற்றி விவசாயிகளே பருவத்துக்கு மட்டும் வேலி போட்டு, அறுவடைக்குப் பின் கழற்றிவிடும் முறையைச் சோதித்தார்கள். தரிசில் யானை வந்து மேய்ந்துவிட்டுப் போகும்; அடுத்த விதைப்பில் வேலி மறுபடி வரும். 2020இல் வகுக்கப்பட்ட தேசியச் செயல்திட்டத்திலும் இது இடம்பெற்றது. வழித்தடத்துக்குள் நிரந்தர வேலி கூடாது என்கிற சீகூரில், பருவகால வேலியை வனத்துறை அனுமதியுடன் சில வயல்களிலாவது சோதித்துப் பார்க்கலாம்.

நம் காட்டுக்குள்ளேயே ஒரு நல்ல தொடக்கம் உண்டு. முதுமலையில் பரவிய மஞ்சள் கொன்றை மரங்களை வெட்டி, அரசு நிறுவனமான தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்குக் காகிதக் கூழுக்கு அனுப்புகிறார்கள். ஒரு துறைக்குச் செலவாக இருந்தது இன்னொன்றுக்கு மூலப்பொருளானது. காட்டில் உண்ணிச்செடியும் கொன்றையும் குறைந்து புல் வந்தால் வயலுக்கு வரும் விலங்கும் குறையலாம். மெதுவாகத்தான் தெரியும்.

இப்போதே செய்ய வேண்டியவை

மாநில அறிவிக்கை எப்படி வந்தாலும், காட்டோர விவசாயிகள் சில வேலைகளை இப்போதே முடித்துவைப்பது நல்லது. விதைத்த பயிர் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். குத்தகைக்குச் செய்பவர்களும் காப்பீடு செய்யலாம். சாகுபடிச் சான்று வாங்கிவைக்க வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். உங்கள் பயிர் உங்கள் பிர்க்காவில் காப்பீட்டுக்கு அறிவிக்கப்பட்டதா என்பதை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். விவசாயி கட்டும் பிரீமியம் காரீஃப் உணவுப் பயிர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ஆண்டுப் பயிரான தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதவீதம்.

சேதமாவதற்கு முன்பே, நல்ல பயிராக நிற்கும்போது, வயலின் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்துவையுங்கள். கைபேசி கேமராவில் இடக்குறியீடு பதிவாகும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு இது தெரியும். சேதமான காலையில் வயலைச் சுத்தம் செய்வதற்கு முன் கால்தடம், சாணம், மிதிபட்ட பகுதி மூன்றும் தெரியப் படம் எடுங்கள். காப்பீட்டுக்குத் தகவல் தரும் அதே நாளில் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுத்து, தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். ஒவ்வொரு இரவுச் சேதத்தையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். தரிசாக விட்டிருந்தால் அதையும், ஏன் விட்டீர்கள் என்பதையும் எழுதி, கிராம சபையில் படித்துத் தீர்மானத்தில் ஏற்றுங்கள். அந்தப் பதிவு ஆட்சியர் அலுவலகம் வரை போகும்.

மாட்டைப் புலியோ சிறுத்தையோ அடித்தால் உடலைத் தொடாதீர்கள், எதுவும் தூவாதீர்கள். வனத்துறைக்கும் கால்நடை உதவி மருத்துவருக்கும் உடனே சொல்லுங்கள். மாட்டுக்கு வலி ஊசி போடும்போது மெலாக்சிகாம் போடச் சொல்லிக் கேளுங்கள். வேலிக்கு நேரடி மின்சாரம் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள்.

பயிர்க் காப்பீடு தொடர்பான தகவலுக்கும் புகாருக்கும் 14447 என்ற எண்ணை அழைக்கலாம். அழைத்த தேதியையும் தரப்படும் பதிவெண்ணையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.